மெற்றில்டாவின் படகில் வியாகுலம் கெயின் வைத்த கதை

அன்றைக்கு ‘அமலி’ படகில் இருந்தவர்கள் எட்டுப் பேர். படகின் சொந்தக்காரி மெற்றில்டா. எஞ்சின் டிரைவர் தொபியாஸ். மெற்றில்டாவின் கொழுந்தன் கஸ்பார். பக்கத்தில் கட்டிக் கிடந்த ‘தேவதூதன்’ படகு அவருடையது. மீன் ஏலம் போடுகிற சிலுவை. வலை தைத்துக்கொண்டிருந்த மூன்று பேர். சிரித்ததைத் தவிர அவர்கள் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. எட்டாவது ஆள் வியாகுலம். ஒரு பூனையும் இருந்தது. அது வந்தது மீனுக்கு, பேச்சுக்கு அல்ல. ஆகையால் கணக்கில் சேரவில்லை.

வியாகுலம் வேம்படித்துறையில் படகுகளுக்குப் பாட்டு செட் மாட்டுகிறவன். அவன் ஒரு படகில் ஏறினால் பக்கத்துப் படகில் வேலை நடக்காது. எல்லாரும் இவன் பேச்சைக் கேட்க வந்துவிடுவார்கள். நம்புவதற்காக யாரும் வருவதில்லை.

மெற்றில்டா அவனைக் கூப்பிட்டிருந்தது பேச்சுக்கு அல்ல, கெயின் வைக்க. ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று ஒரு திருகு உண்டு. பிளேயரிலிருந்து வருகிற பாட்டை எவ்வளவு பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது என்பது அதன் கையில் இருக்கிறது. குறைத்து வைத்தால் பாட்டு பத்தடி தாண்டாது. கூட்டி வைத்தால் பாட்டு கிழியும். கிழிந்த பாட்டைக் கேட்பவனுக்கு, பாடுகிறவர் தொண்டையில் முள் சிக்கிக்கொண்டு உதவிக்குக் கூப்பிடுகிறார் என்றே தோன்றும்.

மறுநாள் மாதா திருவிழா. வேம்படித்துறையில் மாதா சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். மற்றப் படகுகள் எல்லாம் பின்னால் வரும். முகத்துவாரம் தாண்டியதும் எல்லாப் படகும் எஞ்சினை நிறுத்திவிடும். அந்த அமைதியில் சுரூபம் இருக்கிற படகிலிருந்து மாதா பாட்டு ஒலிக்க வேண்டும். அதற்கு அடுத்த படகு பதில் பாட்டுப் போட வேண்டும். அதுதான் வழக்கம்.

போன வருஷமும் சுரூபம் ‘அமலி’யில்தான் இருந்தது. கரையிலிருந்து முகத்துவாரம் வரை பாட்டு அருமையாக இருந்தது. எஞ்சின் நின்றதும் கிழிந்தது. முழங்காலில் இருந்த சனம் எழுந்துகொண்டது. மூன்று குழந்தைகள் அழுதன. உபதேசியார் எஸ்தவான் காதைப் பொத்திக்கொண்டு ஜெபத்தை முடித்தார். கரைக்கு வந்ததும் மெற்றில்டாவிடம் சொன்னார்:

“அடுத்த வருஷமும் உன் முறைதான் தாயி. ஆனா இன்னொரு தடவை கிழிஞ்சா, அந்த இடத்துலயே மாதாவை அடுத்த படகுக்கு மாத்திருவோம். வருத்தப்படக் கூடாது.”

அடுத்த படகு ‘தேவதூதன்’. கஸ்பார் போன வாரமே அதில் மேடை அடித்து, பட்டுத்துணி விரித்து, பூவும் கட்டிவிட்டார்.

“சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான் மைனி,” என்றார்.

ஊர் முழுக்க முழங்காலில் இருக்கையில் தன் படகிலிருந்து மாதாவைத் தூக்கிக் கொழுந்தன் படகில் வைப்பதை மெற்றில்டா மனசுக்குள் பலமுறை பார்த்துவிட்டாள். பேட்டரிதான் கோளாறு என்று எல்லாரும் சொன்னதால் புது பேட்டரியும் போட்டாயிற்று. இனி கெயின் ஒன்றுதான் பாக்கி.

கெயின் வைக்க ஆள் வந்தால் முதலில் எஞ்சினை ஓடவிடுவது அந்தத் துறையில் எல்லாப் படகிலும் வழக்கம். தொபியாஸ் எஞ்சினைப் போட்டார். பலகை எல்லாம் அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே வியாகுலம் தொண்டையைத் திறந்தான்.

“சத்தியமா சொல்லுதேன், எனக்கு இது படிச்ச வித்தை இல்ல. பிறவிக் காது. எனக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னைக்கு நான் நிறுத்தாம அழுதேன். வயித்து வலின்னாங்க, கண்ணூறுன்னாங்க. சாமியார்தான் ரொம்ப நேரம் என் முகத்தையே பாத்துட்டு, கோயில் மைக் செட்டுல கெயினைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாரு. அழுகை நின்னுபோச்சு. அதோட விட்டேனா? சாமியாரைப் பாத்து ஒரு விரலைக் காட்டினேன். இன்னும் ஒரு நூல் இறக்கணும்னு.”

“பிறந்து எத்தனை நாள் இருக்கும்வே?” என்றார் சிலுவை. அவருக்குக் கட்டைத் தொண்டை. வாளியில் சரளைக் கல்லைக் கொட்டுகிற மாதிரி வரும்.

“எட்டு நாள்.”

“எட்டு நாள் பிள்ளைக்கு விரல் எங்க நீளும்? மடங்கித்தான இருக்கும்.”

“அதனாலதான் சாமியாருக்கு முதல்ல புரியல. ரெண்டு தடவை காட்ட வேண்டியதாப் போச்சு.”

வலைக்காரர் மூவரும் சிரித்தார்கள். மெற்றில்டா சிரிக்கவில்லை. “கெயினை வைப்பா,” என்றாள்.

“வைக்கேன்க்கா. ஆம்ப் கொஞ்சம் சூடாகட்டும்.” வியாகுலம் கேபின் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “சத்தியமா சொல்லுதேன், ஒரு லாஞ்சில எட்டு ஸ்பீக்கர். நான் கெயின் வச்சு முழுச் சத்தத்துல பாட்டு ஓடுது. ஒரு ஸ்பீக்கர் தாள் மேல கொசு ஒண்ணு உக்காந்து தூங்குது. தாள் முன்னாலயும் பின்னாலயும் அடிக்குது, கொசுவுக்கு அது தொட்டில் மாதிரி. கிழிசல் இருந்தாத்தான முழிக்கும்? பாட்டை நிப்பாட்டினேன். உடனே முழிச்சு என்னைக் கடிச்சிட்டு, போடுன்னு மறுபடியும் போய் உக்காந்துச்சு.”

கஸ்பார் தாடையைத் தடவினார். “எந்த லாஞ்சில அது?”

“இப்ப அந்த லாஞ்ச் இல்ல அண்ணே. வித்துட்டாங்க. வாங்குனவன் கொசுவையும் சேத்துக் குடுத்தாத்தான் வாங்குவேன்னு நின்னான்.”

“வியாகுலம், கெயின்.”

“ஆகட்டும்க்கா. இதைக் கேளுங்க, உங்களுக்கும் வேணும். நான் மீட்டர் வைக்கிறதில்ல. ஏன் தெரியுமா? சத்தியமா சொல்லுதேன், முப்பது பாக ஆழத்துல நங்கூரம் போட்டு ஒருதடவை கெயின் வச்சிட்டு இருக்கேன். பக்கத்துல ஒரு சுறா தலையை நீட்டுது. நான் திருகை ஒரு மயிரளவு கூட்டுனேன். தலையை இப்படி ஆட்டுச்சு, வேண்டாம்னு. குறைச்சேன். அதுக்கும் வேண்டாம்னு ஆட்டுச்சு. நடுவுல கொண்டுவந்தேன். இப்படி ஆட்டுச்சு.” வியாகுலம் மேலும் கீழுமாகத் தலையசைத்துக் காட்டினான். “அன்னையிலிருந்து மீட்டரைத் தொடல.”

“சுறாவுக்குக் காது எங்கனல இருக்கு?” என்று கஸ்பார் கேட்டார்.

“அதைத்தான் நானும் கேட்டேன். தலையைத் திருப்பிக் காட்டுச்சு.”

கஸ்பார் சிலுவையைப் பார்த்தார். சிலுவை கொஞ்சம் யோசித்தார். முப்பது வருஷம் மீன் ஏலம் போடுகிறவர்; எத்தனையோ சுறாவைப் பார்த்தவர். “இருக்கும்,” என்றார். “தலையில சின்னதா ரெண்டு துளை இருக்கும். அது நெசந்தான்.”

இதற்குப் பிறகு வியாகுலத்தைப் பிடிக்க முடியவில்லை.

“அதை விடுங்க. கிழிசல் இல்லாத பாட்டுக்கு இன்னொரு குணம் உண்டு, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. பாட்டு ஏன் தூரத்துல போய் நிக்குது? கிழிசல்ல காத்து மாட்டிக்கிடும், அதனால நிக்குது. கிழிசலே இல்லன்னா அது எதுல போய் நிக்கும்? சத்தியமா சொல்லுதேன், ஒரு நாள் நடுக்கடல்ல சுத்தமா கெயின் வச்சு மேக்க பாத்து ஒரு பாட்டுப் போட்டேன். போச்சு. போயிட்டே இருந்துச்சு. நாலாம் நாள் வலையை இழுத்துட்டு இருக்கோம், கிழக்க இருந்து அதே பாட்டு வருது.”

தொபியாஸ் எஞ்சின் அறையிலிருந்து தலையை நீட்டினார். “உலகத்தைச் சுத்தியா?”

“முழுசா சுத்தி. ரெண்டு மூணு சொல்லுல உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் மாறிப் போயிருந்துச்சு. எத்தனை நாட்டைத் தாண்டி வந்திருக்கு, பாவம். வந்த வேகத்துல படகு முதுகுல மோதிச்சு பாருங்க, எஞ்சின் போடாமலே கரை வந்து சேந்தோம். டீசல் டாங்கைத் திறந்து பாத்தா, போனப்ப இருந்ததை விட ரெண்டு லிட்டர் கூட.”

“ரெண்டு லிட்டரா?” டீசல் கணக்கு என்றால் தொபியாஸ் விடமாட்டார். “அவ்வளவு தூரத்துக்கு ரெண்டுதானா கூடுச்சு?”

“கொஞ்சம் ஆவியாயிருக்கும்.”

தொபியாஸ் அதை ஏற்றுக்கொண்டு தலையை உள்ளே இழுத்தார்.

“யோவ்,” என்றார் சிலுவை. “எல்லாப் படகுலயும் கிழிசலை எடுத்தேன், எடுத்தேங்கீரு. எடுத்த கிழிசலை எங்க வச்சிருக்கீரு? அதைச் சொல்லும்.”

வியாகுலம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். “கேக்காதீரும்வே. வருத்தப்படுவீரு.”

“ஏன் வருத்தப்படுதேன்?”

“கிழிசலைக் கடல்ல கொட்டக் கூடாது, மீனு ஓடிரும். ஐஸ் கிடங்குல போட்டு மூடி வைப்பேன். சத்தியமா சொல்லுதேன், ஒரு வெயில் நாள்ல நீரு அந்தப் படகுல ஏறுனீரு. தாகமா இருக்கு, ஒரு ஐஸ் கட்டி எடுத்துக்கிடுதேன்னு வாயில போட்டீரு. நான் ஓடி வாரதுக்குள்ள முழுங்கிட்டீரு.”

“இது ஏலம் போட்டுப் போன தொண்டைவே!”

“அன்னைக்கு முந்தி எப்படி இருந்துச்சு உம்ம தொண்டை?”

சிலுவை வாயைத் திறந்து, எதையோ நினைவுபடுத்திப் பார்த்து, மூடிக்கொண்டார். கையால் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததை மெற்றில்டா கவனித்தாள்.

அவள் எழுந்து வந்து வியாகுலத்தின் எதிரே நின்றாள்.

“அஞ்சு கதை சொல்லிட்ட. நானும் கேட்டுட்டேன். இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கேன், அதுக்குப் பதில் சொல்லு. நாளைக்கு மாதா முன்னால என் படகுல பாட்டு கிழியுமா, கிழியாதா?”

வியாகுலம் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். என்னவோ சொன்னான், எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை.

“என்னது?”

“எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்க. நிப்பாட்டிட்டுத்தான் கெயின் வைக்கணும்.”

முதலில் சிரித்தது கஸ்பார். வலைக்காரர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

சிலுவைக்குக் கோபமே வந்துவிட்டது. “சுறா தலையாட்டுச்சுன்னீரு, சரின்னேன். பாட்டு உலகத்தைச் சுத்தி வந்துச்சுன்னீரு, இருக்கட்டும்னேன். எதுக்கும் ஒரு அளவு இல்லையாவே?”

“எஞ்சினை நிப்பாட்டிட்டு கெயின் வைக்கதாம்!” கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்க அப்பா காலத்துல இருந்து எஞ்சினை ஓடவிட்டுத்தான வைக்கோம். சோத்தை இறக்கிட்டு அடுப்பைப் பத்தவைக்கச் சொல்லுதான்.”

வியாகுலம் குரலை உயர்த்தாமல் சொன்னான். “எஞ்சின் ஓடுறப்ப பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிட்டே இருக்கும் அண்ணே. கரண்டு தெம்பா இருக்கும். பாட்டு லேசா கிழிஞ்சாலும் இந்த இரைச்சல்ல காதுக்குத் தெரியாது. இன்னும் கூட்டு, இன்னும் கூட்டுன்னு கூட்டிருதோம். எஞ்சின் நின்னதும் கரண்டு இறங்கும். அதே கெயினை ஆம்ப் தாங்காது. கிழியும். பேட்டரி புதுசா இருந்தாலும் கிழியும்.”

“போதும்ல, வயிறு வலிக்கி,” என்று கஸ்பார் தன் படகுக்குத் தாவினார். சற்று நேரத்தில் ‘தேவதூதன்’ எஞ்சின் முழு வேகத்தில் ஓடத் தொடங்கியது. கஸ்பார் பதில் பாட்டுக்குக் கெயின் வைக்கிறார் என்று தெரிந்தது. சிலுவை தலையிலடித்துக்கொண்டு இறங்கிப் போனார். வலைக்காரர்கள் சிரித்த களைப்பில் டீ குடிக்கப் போனார்கள்.

மெற்றில்டா நின்ற இடத்திலேயே நின்றாள். அவளும் விவரம் தெரிந்த நாளிலிருந்து எஞ்சின் ஓடுகையில் கெயின் வைப்பதைத்தான் பார்த்திருக்கிறாள். இவன் சொல்வதைக் கேட்டு நாளைக்குத் தப்பிப் போனால், ஊரே சொல்லும்: வியாகுலம் பேச்சை நம்பி மாதாவைத் தொலைத்தவள் என்று. அதைச் சாகிற வரை கேட்கவேண்டி வரும்.

ஆனால் ஒன்று அவளுக்கு உறுத்தியது. ஐந்து கதையையும் அவன் சத்தியம் வைத்துத்தான் சொன்னான். இதற்குச் சத்தியம் வைக்கவில்லை. கையை ஆட்டவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. சொல்வதற்கே கூச்சப்பட்ட மாதிரி இருந்தது.

“தொபியாஸ், எஞ்சினை நிப்பாட்டும்.”

“நீங்களுமாம்மா?”

“நிப்பாட்டும்.”

எஞ்சின் நின்றது. வியாகுலம் எழுந்தான். பிளேயரில் பாஸ், ட்ரெபிள் எதுவும் கூடாமல் குறையாமல் நடுவில் வைத்தான். ஆம்ப்ளிஃபயரில் கெயினை அடிமட்டத்துக்கு இறக்கினான். மாதா பாட்டைப் போட்டுப் பிளேயரின் சத்தத்தை முக்கால் அளவுக்கு ஏற்றினான். பிறகு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கெயின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். கண் திருகை விட்டு அகலவில்லை. ஓரிடத்தில் ‘மரியே’ என்கிற சொல்லின் ஓரம் லேசாகப் பிசிறியது. அங்கேயே நிறுத்தி, பிசிறு போகிற வரை பின்னால் வந்தான். இன்னும் ஒரு நூல் பின்னால் வந்தான். கையை எடுத்தான்.

சுறா கதைக்கு ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

“இவ்வளவுதானா?” என்றாள் மெற்றில்டா.

“இவ்வளவுதான்க்கா.”

“சத்தம் கொஞ்சம் கம்மியா இல்ல?”

“எஞ்சின் நின்ன கடல்க்கா. இது போதும்.” ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னான். “இவ்வளவுதான்னு வெளிய சொல்லிராதிய.”

மறுநாள் முப்பத்தோரு படகு போயின. முகத்துவாரம் தாண்டியதும் ஒவ்வொரு எஞ்சினாக நின்றது. சனம் முழங்காலில் இருந்தது. மெற்றில்டா சுரூபத்தின் பக்கத்தில் இருந்தாள். தொபியாஸ் பாட்டைப் போட்டார்.

பாட்டு வந்தது. முதல் அடி வந்தது. ‘மரியே’ வந்தது. கடைசிப் படகில் ஒருவர் இருமியது கேட்டது. அந்த அளவுக்குக் கடலில் வேறு சத்தமே இல்லை. பாட்டு முழுசாக முடிந்தது. ஒரு இழை கிழியவில்லை. உபதேசியார் காதில் கை வைக்கத் தயாராகத் தூக்கியிருந்த இரண்டு கையையும் மெதுவாக இறக்கிக் கும்பிட்டார்.

பிறகு ‘தேவதூதன்’ பதில் பாட்டுப் போட்டது. அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த பனை ஓலையை நெடுக்குவாட்டில் கிழித்த மாதிரி இருந்தது. நான்கு குழந்தைகள் அழுதன. மேடையில் கட்டியிருந்த பூ மட்டும் அழகாக இருந்தது.

மாதா ‘அமலி’யிலேயே கரைக்கு வந்தாள்.

சுரூபத்தைக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்த பிறகு, வியாகுலத்தையும் சேர்த்துப் பதினாறு பேர் படகடியில் கூடி நின்றார்கள். கஸ்பார் நேராக வியாகுலத்திடம் வந்தார்.

“ஏல வியாகுலம், மைனி படகுல என்ன செஞ்ச? சொல்லு.”

“நேத்தே சொன்னேனே அண்ணே. எஞ்சினை நிப்பாட்டிட்டு...”

“அந்தப் புளுகு வேண்டாம். நெசத்தைச் சொல்லு.”

“அதுதான் அண்ணே நெசம்.”

“எங்களுக்கு மட்டும் மறைக்கியாக்கும்?” சிலுவையும் சேர்ந்துகொண்டார். “ஒரு நாளாவது உள்ளதைச் சொல்லும்வே.”

வியாகுலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு ஸ்க்ரூ டிரைவர் பையைக் கீழே வைத்தான்.

“சரி. சத்தியமா சொல்லுதேன்.”

பதினைந்து பேரும் நெருங்கி வந்தார்கள்.

“உயிர் நண்டு ஒண்ணு வேணும். நீலக்கால் நண்டு. அதை ஆம்ப் மேல விடணும். கெயின் கூடிப்போச்சுன்னா பக்கவாட்டுல நடக்கும். குறைஞ்சாலும் பக்கவாட்டுல நடக்கும். கெயின் சரியா உக்காந்த நொடியில, நண்டு நேரா நடக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை.

“ஆண் நண்டா, பெண் நண்டா?” என்றார் கஸ்பார்.

இந்தக் கேள்வியை வியாகுலம் எதிர்பார்க்கவில்லை. அவன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில் வராமல் நின்றான். கஸ்பாரின் முகத்தில் சந்தேகம் எட்டிப் பார்த்தது. அவர் மெற்றில்டா பக்கம் திரும்பினார்.

“மைனி, நீங்க பொய் சொல்ல மாட்டிய. நண்டு நேரா நடந்துச்சா?”

மெற்றில்டா முந்தானையை இழுத்துச் செருகினாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

“பெண் நண்டு. ஆண் நண்டு சரிப்படாது, பாதியில வளைஞ்சிரும். ஆம்ப் மேல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரை நேராப் போச்சு. அங்க போய்த் திரும்புச்சு. திரும்பி வந்ததும் நேராத்தான். என் கண்ணால பாத்தேன்.”

கஸ்பார் அதற்குமேல் நிற்கவில்லை. நண்டு பிடிக்கிறவர் வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தார். நான்கு படகுக்காரர்கள் அவர் பின்னால் ஓடினார்கள். உபதேசியார் “எல்லாம் மாதா செயல்” என்றார். “இப்பவாச்சும் உள்ளதைச் சொன்னானே,” என்று சிலுவை தன் கட்டைத் தொண்டையில் சொன்னார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். எஞ்சினைத் தன் கையாலேயே நிறுத்திய தொபியாஸ்கூட, “நானும் ஏதோ நண்டு மாதிரி பாத்தேன்,” என்றார்.

எல்லாரும் கலைந்த பிறகு வியாகுலம் மெற்றில்டாவின் பக்கத்தில் வந்தான். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான்.

“அக்கா... நெசமாவே நேரா நடந்துச்சா?”

“நீ திருகு மேலயே கண்ணா இருந்த. நான்தான் பாத்தேன்.”

அவன் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான். அதில் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

பதினாறு பேரில், நம்பாமல் மிச்சம் இருந்தது ஒரு ஆள்.